எகிப்தில் வீடு கொடுத்தவர்

நத்தார் (கிறிஸ்துமஸ்) நள்ளிரவில் வெள்ளைத் திருவுடையணிந்து பாலனைக் குடிலில் கிடத்திய குருவானவர், அடுத்த நாளான டிசம்பர் 26ஆம் திகதி காலையில் சிந்திய இரத்தத்தைக் குறிக்கும் சிவப்பு அணிந்து பீடத்துக்கு வருகிறார். அது கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் மறைசாட்சி ஸ்தேவானின் திருநாள். ஒரு நாள் விட்டு, 28ஆம் திகதி மீண்டும் சிவப்பு. அன்று ஏரோதின் ஆட்கள் பெத்லகேமில் கொன்ற மாசில்லாக் குழந்தைகளை நினைக்கிறோம். 29ஆம் திகதி, 1170ஆம் ஆண்டு அரசனின் வீரர்களால் தம் பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்ட கன்டர்பரி பேராயர் தோமஸ் பெக்கட்டின் நாள். பாலன் பிறப்பின் மகிழ்ச்சி எட்டு நாள் நீடிக்க வேண்டும் என்று வகுத்த திருச்சபைதான், அந்த எட்டு நாளுக்குள்ளேயே இத்தனை சாவுகளையும் வைத்திருக்கிறது. நள்ளிரவுத் திருப்பலிக்குக் கோயில் முற்றம் வரை நிற்கும் கூட்டத்தில் மிகச் சிலரே 26ஆம் திகதி காலையில் வருகிறார்கள். விருந்தும் உறவினர் வருகையும் களைப்பும் இருக்கும்போது வராதவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் காலைத் திருப்பலி இல்லாத நத்தார் பாதி நத்தார்தான் என்ற எண்ணம் ஆண்டுக்கு ஆண்டு எனக்குள் வலுத்து வருகிறது.

மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் ஞானிகள் காணிக்கை வைத்துவிட்டுத் திரும்பிய உடனேயே யோசேப்புக்குக் கனவில் எச்சரிக்கை வருகிறது. அவர் விடியும்வரை காத்திருக்கவில்லை. பிள்ளையையும் தாயையும் அழைத்துக்கொண்டு அந்த இரவிலேயே எகிப்துக்குப் புறப்படுகிறார். ஏரோதை எதிர்த்து நிற்கவோ, தேவதூதர்களின் படையைக் கேட்கவோ செய்யாமல் அவர் தப்பி ஓடுகிறார். நம் மண்ணில் எத்தனையோ குடும்பங்கள் செய்ததுபோல, கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு இருட்டில் எல்லை கடந்த குடும்பம் அது. அவர்கள் ஏரோது இறக்கும் வரை எகிப்தில் இருந்தார்கள் என்று மத்தேயு சொல்கிறார். எந்த ஊரில், யார் வீட்டில், யார் கொடுத்த வேலையில் என்று அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆயினும் யாரோ ஒருவர் அந்தக் குடும்பத்துக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். அவர் யூதராகவும் இருந்திருக்கலாம், எகிப்தியக் கடவுளரை வணங்கியவராகவும் இருந்திருக்கலாம். துன்புறுத்தலைப் பற்றி நாம் பேசும்போது துன்புறுத்தியவரையும் துன்புற்றவரையும் சொல்கிறோம். கதவைத் திறந்து விட்ட அந்த மூன்றாம் ஆளை மறந்துவிடுகிறோம். வட இலங்கையில் எங்கள் கடற்கரையின் கிறிஸ்தவ வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்றாம் ஆளின் நினைவே வருகிறது.

அந்த வரலாறு மன்னாரில் இரத்தத்தோடு தொடங்குகிறது. தமிழகத்தின் தென்கரையான முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணியாற்றிக்கொண்டிருந்த பிரான்சிஸ் சவேரியாரை மன்னார்த் தீவின் மக்கள் தங்களிடமும் வரும்படி அழைத்தார்கள். அவர் தம்மால் வர இயலாமல் வேறொரு குருவை அனுப்பினார். மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி படையோடு வந்து, அந்தப் புதிய கிறிஸ்தவர்களில் ஏறத்தாழ 600 பேரைக் கொன்றான் என்பது வழிவழியாக வரும் கணக்கு. மதம் மாறியவர்கள் போர்த்துக்கேய மன்னனின் குடிகளாகிவிடுவார்கள், அதோடு மன்னாரும் கைவிட்டுப் போகும் என்று அவன் அஞ்சினான். அவனுடைய அச்சம் காரணமற்றதன்று. ஆனால் அந்த அச்சத்துக்கு விலை கொடுத்தவர்கள் எந்த அரசியல் கணக்கிலும் பங்கில்லாத கடற்கரை ஏழைகள். மன்னாரின் தோட்டவெளியில் அவர்களை நினைத்து நாம் மண்டியிடும்போது அவர்களின் பெயர்களைச் சொல்ல முடிவதில்லை. பெத்லகேம் குழந்தைகளுக்கும் பெயர்கள் இல்லை.

இங்கே நிறுத்திவிட்டால் கதை எளிதாக இருக்கும். பல மறையுரைகளில் இங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்லாமல் விடுவது அந்த 600 பேருக்கும் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கவில்லை. படுகொலையைக் கேள்வியுற்ற சவேரியார், யாழ்ப்பாண மன்னனைத் தண்டிக்கப் படை அனுப்பும்படி போர்த்துக்கேய ஆளுநரை நேரில் கேட்பதற்கு நெடுந்தூரம் பயணம் போனார். படை நாகப்பட்டினத்தில் திரள்வதாக ஏற்பாடாகி, அவரும் அங்கே போய்க் காத்திருந்தார். சரக்கேற்றி வந்த போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டி, அதன் பொருள்கள் மன்னன் வசம் போய்விட்டதால், பொருளை மீட்பதே பெரிதாகிப் படையெடுப்பு கைவிடப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 1546இல், கோவாவில் சமய விசாரணை மன்றம் வேண்டும் என்று போர்த்துக்கல் அரசருக்கு எழுதியவரும் அவரே. அந்த மன்றம் 1560இல், அவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், அமைக்கப்பட்டு நெடுங்காலம் பலரைச் சிறையிலும் தீயிலும் தள்ளியது. வெயிலில் கைமணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகக் குழந்தைகளைக் கூட்டித் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்த சவேரியாரை நான் சிறு வயதிலிருந்து நேசிக்கிறேன். அந்த நேசத்தோடுதான் இதையும் எழுதுகிறேன். புனிதருக்குள்ளும் வாளைத் தேடிய ஒரு கை இருந்தது.

அந்த வாள் பின்னாளில் வந்து சேர்ந்தது. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் திருகோணமலைக் கோணேசர் கோயிலும் இடித்து வீழ்த்தப்பட்டன. எங்கள் ஊர்களின் பழைய கத்தோலிக்கக் கோயில்களில் பல அந்த ஆட்சியின் நிழலில் எழுந்தவை. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆளுகையிலிருந்த கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னர் செனரத் அவர்களை ஏற்று, பெருந்தொகையானோரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார். இந்தக் கதவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது இன்னொரு முறை திறக்கும்.

1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபோது சக்கரம் சுழன்றது. கத்தோலிக்கக் குருக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். ஒரு குருவை வீட்டில் ஒளித்து வைப்பதற்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. கோயில்கள் ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்து சீர்திருத்த சபையின் தேவாலயங்களாயின. பிள்ளையின் ஞானஸ்நானமும் திருமணமும் ஒல்லாந்தக் கோயிலின் பதிவேடான தோம்பில் பதிவாகாவிட்டால் சொத்துரிமைக்கும் உத்தியோகத்துக்கும் வழியில்லை. துன்புறுத்தியவர்களும் அதே கிறிஸ்துவைக் கும்பிட்டவர்கள், அதே நத்தாரைக் கொண்டாடியவர்கள் என்பதை இன்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. கிறிஸ்தவனைக் கிறிஸ்தவன் துரத்திய அந்தக் காலம் எங்கள் மறைக்கல்வி வகுப்புகளில் ஒரு பத்தியாகக் கடந்து போகிறது. அது ஒரு பத்தியில் அடங்காது.

அந்த ஆண்டுகளில் எல்லாரும் மறைசாட்சிகளாகிவிடவில்லை. பெரும்பாலானோர் ஞாயிற்றுக்கிழமை ஒல்லாந்தப் பாதிரியாரின் போதனையைக் கேட்கப் போனார்கள், தோம்பில் பெயர் எழுதினார்கள், இரவில் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். முப்பது ஆண்டுகளாகக் குரு இல்லை, திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. சாகக் கிடந்தவர் அருகில் பாவங்களுக்கு வருந்தும் உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்ல ஒரு முதியவர் இருந்தால் அதுவே பெரிது. கோழைகள் என்று அவர்களைச் சொல்பவர்களும் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கொல்லப்பட்டவர்களின் இரத்தம் விதையானது என்று நாம் பாடுகிறோம். ஆனால் அந்த விதையை மூன்று தலைமுறை வீட்டுக்குள் வைத்துக் காத்தவர்கள், பகலில் தலை குனிந்து இரவில் முழங்காலிட்ட இந்த மனிதர்கள்தான். எகிப்துக்கு ஓடிய யோசேப்பை நாம் கோழை என்று சொல்வதில்லையே.

வேறு சிலர் ஊரை விட்டே போனார்கள். 1670ஐ ஒட்டி, மாந்தையில் வைத்து வணங்கிய மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு சில குடும்பங்கள் வன்னிக் காட்டுக்குள், ஒல்லாந்தரின் கை எட்டாத மருதமடுவுக்குப் போய்க் குடியேறின என்பது எங்கள் மரபு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அங்கே அவர்களோடு சேர்ந்தார்கள். இன்று ஆடியிலும் ஆவணியிலும் இலட்சக்கணக்கானோர் கூடும் மடுத் திருப்பதி, தொடக்கத்தில் ஓர் அகதி முகாம். யானையும் காய்ச்சலும் நிறைந்த அந்தக் காடு அவர்களுக்கு எகிப்தாயிற்று. அதே சுரூபம் 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் போரின் நடுவே மீண்டும் தூக்கிச் செல்லப்பட்டு, தேவன்பிட்டியில் சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்பியது. அதை வேதகலாபனை, அதாவது விசுவாசத்துக்காக வரும் துன்புறுத்தல், என்று நான் எழுத மாட்டேன். போர் எல்லாச் சமயத்தாரையும் ஒருங்கே கொன்றது. விசுவாசத்துக்காகத் துன்புறுவது என்ற சொல்லைப் பொருந்தாத இடத்தில் வைத்தால், பொருந்தும் இடத்தில் அது வலுவிழந்துவிடும்.

1687இல் தூத்துக்குடியிலிருந்து தோணியேறி, கூலியாளைப்போல உடுத்திய ஒரு கோவாக்காரர் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். அவர்தான் யோசப் வாஸ் அடிகளார். கடற்பயணத்திலேயே வயிற்றுக்கடுப்பு கண்டு, வந்த இடத்தில் சாகும் தறுவாயில் கிடந்தார். எழுந்து நடக்க முடிந்ததும் கழுத்தில் செபமாலையை வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டு முகம் சுளித்தவர் யார், ஒரு கணம் கண் கலங்கியவர் யார் என்று பார்த்துப் பார்த்தே தம் மந்தையைக் கண்டுபிடித்தார். ஒரு குருவுக்கு இடம் கொடுத்தால் கழுத்துக்குக் கயிறு என்று தெரிந்தும் அவரை உள்ளே அழைத்த முதல் வீடு எது என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். சில்லாலை மக்கள் அவரைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். இரவில் திருப்பலி, விடியுமுன் வேறு வீடு, ஒல்லாந்தர் தேடி வந்தால் யாரும் எதையும் அறியார். சில்லாலையின் பெயர் நிலைத்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எகிப்தில் வீடு கொடுத்தவரின் பெயரைப்போலவே போய்விட்டன.

அந்த ஆண்டுகளில், 1690ஐ ஒட்டிய ஒரு நத்தார் இரவில்தான் பெரிய அடி விழுந்தது. நள்ளிரவுத் திருப்பலிக்காக யாழ்ப்பாணத்து வீடுகளில் மக்கள் கூடியிருந்தபோது ஒல்லாந்தச் சிப்பாய்கள் புகுந்தார்கள். சுரூபங்களை உடைத்தார்கள், கூடியிருந்தவர்களில் ஏறத்தாழ 300 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடிகளார் அவர்கள் கையில் அகப்படவில்லை. ஆண்களில் சிலர் கசையடி பெற்று, விலங்கோடு கடும் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். முன்பு சீர்திருத்த சபையில் இருந்து கத்தோலிக்கரான ஒருவர் அடிகளைத் தாங்காமல் இறந்தார். வாழை மடலும் மாவிலையும் கட்டிய முற்றம், ஒளித்து வைத்திருந்த பாலன் சுரூபம், பல ஆண்டுகளுக்குப் பிறகு திருப்பலியோடு ஒரு நத்தார் என்று காத்திருந்த கிழவிகள் என்றெல்லாம் என் மனம் தானாகவே அந்த இரவை வரைந்துகொள்கிறது. ஆவணங்களில் அந்த விவரங்கள் இல்லை. பிடிபட்டவர்களின் வீடுகளில் மறுநாள் விடிந்தது எப்படி என்பதும் இல்லை. அந்த மறுநாளுக்கு மறுநாள்தான் ஸ்தேவான் திருநாள்.

யாழ்ப்பாணத்தில் இனி இருக்க முடியாத நிலையில் அடிகளார் புத்தளத்துக்குப் போய், பின்னர் 1692இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய ஒற்றன் என்று அங்கே அவரைச் சிறையில் வைத்தார்கள். சிறையிலேயே ஒரு சிறு கோயிற் குடிசை எழுந்தது, சிங்களமும் கற்றார். நாளடைவில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவரை விடுவித்து, தம் இராச்சியத்தில் வெளிப்படையாகப் பணியாற்ற விட்டார். பௌத்த சமயத்தைப் பேணுவதில் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்த மன்னர் அவர். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளிகளை உறவினரே காட்டில் விட்டுவிட்டு ஓடியபோது, அடிகளார் சமயம் பாராமல் அவர்களுக்குக் கஞ்சி ஊட்டினார், புண் கழுவினார், இறந்தவர்களைப் புதைத்தார். ஒல்லாந்தரிடமிருந்து தப்பிய கத்தோலிக்கருக்குக் கண்டி புகலிடமாயிற்று. முன்பு எங்கள் சமயத்தார் விரட்டிய முஸ்லிம்களுக்குத் திறந்த அதே கதவு, இப்போது எங்களுக்குத் திறந்தது. 1740களில் அது மீண்டும் சாத்தப்பட்டு, குருக்கள் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதற்குள் ஊருக்கு ஊர், குரு இல்லாத வேளையில் சபையை நடத்தும் மூப்பரும் அண்ணாவியாரும் நிலைத்துவிட்டார்கள்; செபங்கள் சிங்களத்திலும் தமிழிலும் பாட்டாகவும் உரையாகவும் பரவிவிட்டன. 1806இல் ஆங்கில ஆட்சி கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியபோது, நீக்கிப் பார்ப்பதற்கு ஒரு திருச்சபை இருந்தது.

அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுவுக்கும் வந்தார். நான் அன்று மகிழ்ந்ததைப்போல வேறெந்தத் திருவிழாவிலும் மகிழ்ந்ததில்லை. ஒளிந்து வாழ்ந்தவர்களின் குருவுக்கும், ஒளித்துக் கொண்டுபோன சுரூபத்துக்கும் ஒரே நாளில் மரியாதை கிடைத்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறு காலையில் கொழும்புக் கொச்சிக்கடைக் கோயிலிலும் நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டிக் கோயிலிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு விடுதிகளிலும் இஸ்லாமியத் தீவிரவாதிகளின் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைக் குழந்தைகள் பலர். அந்த ஆண்டு நத்தாருக்குக் கோயில் வாசலில் துப்பாக்கியோடு நின்ற சிப்பாய்கள் எங்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். இதை வேதகலாபனை என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. கோயில்களில் இறந்தவர்கள் வழிபாட்டுக்கு வந்தார்கள் என்பதற்காகவே கொல்லப்பட்டார்கள்.

ஆனால் அதை ஒட்டி நடந்த இன்னொன்றை எங்கள் மக்கள் அதிகம் பேசுவதில்லை. பாகிஸ்தானில் மத வெறுப்புக்குத் தப்பி வந்து, ஐக்கிய நாடுகள் சபையின் அகதிப் பதிவோடு நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த அகமதிய முஸ்லிம்களும், அதே நாட்டிலிருந்து தப்பி வந்த கிறிஸ்தவர்களும் குண்டு வெடிப்புக்குப் பின்வந்த நாள்களில் அந்த வீடுகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். கைக்குழந்தைகளோடு நூற்றுக்கணக்கானோர் ஒரு பள்ளிவாசலிலும் காவல் நிலையத்து வளவிலும் தங்க வேண்டி வந்தது. விரட்டியவர்களின் வீடுகளில் சாவு விழுந்திருந்தது. அவர்களின் அச்சத்தையும் ஆத்திரத்தையும் புரிந்துகொள்ள எனக்குப் பெருமுயற்சி வேண்டியதில்லை. விரட்டப்பட்டவர்களோ குண்டு வைத்தவர்களைப் போன்றவர்களின் கையிலிருந்துதான் ஏற்கெனவே ஒரு முறை ஓடி வந்தவர்கள். கத்தோலிக்கர் செறிந்து வாழ்வதால் சின்ன ரோமாபுரி என்று பெயர் பெற்ற ஊர் அது. அங்கேயும் சிலர் தங்களால் இயன்றதை அவர்களுக்குச் செய்தார்கள். ஆனால் வீடு கொடுத்தவர்களைவிட வீட்டைப் பூட்டியவர்களே அதிகம்.

ஸ்தேவானைப் பற்றி அப்போஸ்தலர் பணி நூலில் படிக்கும்போது நாம் கல்லெறிதலுக்கு விரைந்து போய்விடுகிறோம். அதற்கு முந்தைய அதிகாரத்தில் அவர் யாரென்று எழுதியிருக்கிறது. எருசலேமில் கிரேக்கம் பேசிய கைம்பெண்களுக்கு அன்றாட உணவுப் பங்கீட்டில் அநீதி நடக்கிறது என்று முறையீடு எழுந்தது. அதைச் சரிசெய்யத் தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரில் முதலாமவர் அவர். வேற்று மொழி பேசியதால் கவனிப்பாரற்றுப் போனவர்களின் பந்தியைப் பார்த்துக்கொண்டவர் அவர். கல்லெறிந்தவர்களின் மேலாடைகளுக்குக் காவலாக நின்ற சவுல் பிற்காலத்தில் பவுலானார் என்பதும், சாகும் ஸ்தேவான் அந்தப் பாவத்தை அவர்கள்மேல் சுமத்த வேண்டாம் என்று வேண்டினார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பந்தியை அவருக்குப் பிறகு யார் பார்த்துக்கொண்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இவ்வாண்டு டிசம்பர் 28ஆம் திகதித் திருப்பலிக்கு மன்றாட்டு எழுதும் முறை எங்கள் அன்பியத்துக்கு, அதாவது பங்கின் அயல்வீட்டார் கூடிச் செபிக்கும் குழுவுக்கு, வந்திருக்கிறது. மன்னாரில் கொல்லப்பட்டவர்களுக்காகவும், உயிர்ப்பு ஞாயிறன்று இறந்தவர்களுக்காகவும், இன்று உலகில் பல நாடுகளில் ஒளிந்து செபிக்கும் கிறிஸ்தவர்களுக்காகவும் எழுதியிருக்கிறேன். அதற்கு அடுத்ததாக, எங்கள் சமயத்தின் பெயரால் கோயில் இழந்தவர்களையும் ஊர் இழந்தவர்களையும், நீர்கொழும்பில் வீடிழந்த பாகிஸ்தானிய அகதிகளையும், சில்லாலையிலும் கண்டியிலும் எங்களுக்குக் கதவு திறந்தவர்களையும் சேர்த்து ஒரு மன்றாட்டு எழுதியிருக்கிறேன். அன்பியக் கூட்டத்தில் அதை வாசித்தபோது, குழந்தைகளின் நாளில் இதெல்லாம் எதற்கு என்று இரண்டு பேர் கேட்டார்கள். நீண்ட நேரம் பேசினோம். அவர்கள் முழுவதும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. பங்குச் சுவாமி தாளை வாங்கிப் படித்துவிட்டு, ஒரு வரியும் குறைக்காமல் வாசிக்கச் சொன்னார்.